மிரர் பாலிஷா, மேட்டா? ஆபரேஷன் தியேட்டர் கருவிகளோடு எட்டு வருடம்

தியேட்டர் கருவிகளைக் கழுவி, அடுக்கி, ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்தில்) ஏற்றுவது பதினொரு வருடமாக என் வேலை. சின்ன மருத்துவமனைதான். ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் வாங்கப் போகிற சிஸ்டர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மிரர் பாலிஷ் துருப்பிடிக்காதா, மேட் துருப்பிடிக்காதா? எங்களிடம் இருந்த மூன்று செட்டுகளுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு செட் ஒன்றாக வந்தன. ஒன்று முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. இன்னொன்று மங்கலான மேட். மேட் வேண்டும் என்று கேட்டது எங்கள் சர்ஜன். "லைட் பட்டுக் கண் கூசுது சிஸ்டர்" என்பார். மணிக்கணக்கில் குனிந்து தையல் போடுகிறவருக்கு அது நியாயமான தேவை. இரண்டு செட்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே 134 டிகிரி ஆட்டோகிளேவ்.

மேட் செட் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. கைப்பிடி முழுக்க மிளகுத்தூள் தூவினது போலப் பழுப்புப் புள்ளிகள். முதலில் தண்ணீர்மேல்தான் சந்தேகம், எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆனால் அதே தண்ணீரில் கழுவின மிரர் செட்டில் ஒரு புள்ளி இல்லை. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன். வெறும் கறை என்றால் ரப்பரோடு வந்துவிடும், அடியில் வழவழப்பாக இருக்கும். இங்கே பழுப்பு போனது, ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசி குத்தினது போலக் குழிகள். அது துருதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பாற்றுவது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே உண்டாக்கும் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் கனம்தான். உடலுக்குள் வைக்கும் 316எல் ஸ்டீலில் குரோமியம் 16 முதல் 18 சதவீதம், கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். நம் கத்தரிக்கோலும் ஃபோர்செப்ஸும் பெரும்பாலும் 420 வகை ஸ்டீல். முனை மழுங்காமல் இருக்கக் கார்பன் கூடுதலாக வேண்டும், குரோமியமோ 12 முதல் 14 சதவீதம்தான். கையிருப்பு குறைவு என்பதால் மேற்பரப்பை எப்படி முடித்தார்கள் என்பது இங்கே ரொம்ப முக்கியம்.

மேட் வர, பொடிக் கண்ணாடி மணிகளை அழுத்தத்தில் பீய்ச்சி அடிப்பார்கள். அதனால் உண்டாகும் நுண்ணிய பள்ளங்களில் ரத்தமும் உப்பும் தங்கும். சாதாரண இரும்பில் அடித்த மணிகளையே திரும்பப் பயன்படுத்தினால் இரும்புத் துகள் கருவியில் பதிந்துவிடும். முதலில் துருப்பிடிப்பது அந்தத் துகள்தான், அப்புறம் அது கீழே குடைகிறது. அதனால்தான் கடைசியில் நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் பேசிவேஷன் செய்ய வேண்டும். அமிலம் துகளைக் கரைத்துவிடும், சுத்தமான மேற்பரப்பில் படலம் புதிதாகப் பிடிக்கும். விற்றவரிடம் பேசிவேஷன் சான்று கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றார்.

அடுத்த வருடம் மறுபடியும் மேட்தான் வாங்கினோம், இந்த முறை எலக்ட்ரோபாலிஷும் (மின்சாரம் செலுத்தி மேற்பரப்பை வழவழப்பாக்குவது) பேசிவேஷனும் செய்ததற்கான சான்றோடு. ஏழு வருடமாக ஓடுகிறது, கைப்பிடியில் புள்ளி கிடையாது. துரு வந்தது ஒரே இடத்தில்: உள்ளூரில் லேசரில் பொறித்த எங்கள் மருத்துவமனைப் பெயரில். எழுத்துகளுக்குள் மட்டும், கோடு பிசகாமல் பழுப்பு. லேசர் சூட்டில் அந்த இடத்தில் படலம் போய்விட்டது. இப்போதெல்லாம் தயாரிக்கும் இடத்திலேயே பெயர் பொறித்து, அதன் பிறகு பேசிவேஷன் செய்து தரச் சொல்கிறோம்.

மிரர் செட் ஐந்து வருடம் புதுசு போல இருந்தது. அப்புறம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், காய்ந்த ரத்தம் போகவில்லை என்று பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்திருக்கிறாள். பாவம், சொல்லிக்கொடுக்காதது என் தவறு. இரண்டு மாதத்தில் கீறல் போன வழியெல்லாம் துரு. நைலான் பிரஷ் தவிர வேறு எதுவும் படக்கூடாது.

எந்தப் பாலிஷாலும் காப்பாற்ற முடியாத இடம் ஃபோர்செப்ஸின் இரண்டு பாதியும் சேரும் பூட்டு மூட்டு. கடைசியாக ஒன்றைத் திறந்து மூடி வெள்ளை காஸ் துணிமேல் தட்டினேன், காப்பித்தூள் போலத் துரு உதிர்ந்தது. மூடியபடியே ஆட்டோகிளேவில் போனால் உள்ளே ஈரம் காயாது. திறந்து வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அதேபோல, ஆபரேஷன் முடிந்ததும் சலைனில் ஊறப்போடாதீர்கள். 0.9 சதவீதம் உப்பு அதில் இருக்கிறது. எத்தனை நல்ல ஃபினிஷும் அதில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் குழி விழும்.

இப்போது புது செட் வந்தால் தியேட்டருக்குள் போவதற்கு முன் டிஸ்டில்டு வாட்டரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுகிறேன். அதே தண்ணீரில் ஆறவிட்டு, எடுத்து இரண்டு மணி நேரம் காற்றில் வைத்துவிட்டு லென்ஸில் பார்ப்பேன். போன வாரம் வந்த பன்னிரண்டில் இரண்டின் ராட்செட் பல்லில் (பிடியைப் பூட்டி நிறுத்தும் பல்லில்) பழுப்பு தெரிந்தது. பன்னிரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டோம்.