வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: ஓடிட்டர் ஒழுங்குவிதிகள் செல்லுமா?

வெள்ளவத்தை காலி வீதியில் புடைவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் நடக்கும் கம்பனிச் சட்ட வகுப்பு இது. கட்டணம் 4,500 ரூபா, தேநீரும் ரோல்ஸும் சேர்த்து. நான் ஆமர் வீதியில் ஓர் இரும்புக்கடைக்குக் கணக்கு எழுதுபவன். முதலாளியின் பிரைவேட் கம்பனிக்கு வருடாவருடம் ஓடிட் முடித்துக் கொடுப்பது என் தலையில்தான். அதனால் போனேன்.

காலைப் பகுதி சுமார். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தை ஸ்லைடில் போட்டு வாசித்துக்கொண்டே போனார்கள். பணிப்பாளரோ ஊழியரோ தன் கம்பனிக்கே கணக்காய்வாளராக இருக்க முடியாது என்பது எங்கள் கடைப் பையனுக்கும் தெரியும். இதற்கு அரை நாள் தேவையில்லை.

பிற்பகல் புதுக்கடையிலிருந்து ஒரு சட்டத்தரணி வந்தார். காசு கொடுத்தது அவருக்காகத்தான் என்று சொல்வேன். ஸ்லைட் எதுவும் இல்லை. நேராக ஒரு கேள்வி: "நாளைக்கு ஒரு வர்த்தமானி வருகிறது. இன்ன அளவுக்கு மேல் பங்காளர்கள் உள்ள நிறுவனம்தான் கம்பனிகளுக்கு ஓடிட் செய்யலாம் என்கிறது. செல்லுமா?"

வகுப்பில் பாதிப் பேர், அரசாங்கம் சொன்னால் செல்லும்தானே என்றார்கள். அவர் சிரித்தார். இப்படி வர்த்தமானியில் வருவது அமைச்சர் செய்யும் ஒழுங்குவிதி. அமைச்சருக்குச் சொந்தமாகச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் கொடுத்தால்தான் உண்டு. அப்படிக் கொடுக்க இடம் தருவது அரசியலமைப்பின் 76(3)ஆம் உறுப்புரை. ஆகவே வர்த்தமானியைக் கையில் எடுத்ததும் உள்ளே இருப்பதை விட்டுவிட்டு, எந்தப் பிரிவின் கீழ் செய்யப்பட்டது என்ற முதல் வரியைப் பாருங்கள் என்றார். அந்தப் பிரிவு எதற்கு அதிகாரம் தருகிறது? அதிகாரம் தந்த தாய்ச் சட்டம் ஒருவரைத் தகுதியானவர் என்று சொல்லியிருக்க, ஒழுங்குவிதி வந்து அவரை வெளியே தள்ளுகிறதா? தள்ளினால் அங்கேயே ஆட்டம் காண்கிறது. சட்டமொன்றுக்கு முரணாக விதி செய்யக்கூடாது என்று, சட்டங்களை எப்படிப் பொருள்கொள்வது எனச் சொல்லும் பொருள்கோடல் கட்டளைச்சட்டமே சொல்கிறது.

இதற்கு மேல்தான் எனக்கு உண்மையிலேயே சுவைத்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தை 80(3)ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. ஒழுங்குவிதிக்கு அந்தக் கவசம் இல்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 140ஆம் உறுப்புரையின் கீழ், அதை ரத்துச் செய்யும்படி எழுத்தாணை (ரிட்) கேட்கலாம். சமத்துவமோ, 14(1)(எ)இல் உள்ள தொழில் செய்யும் சுதந்திரமோ மீறப்பட்டால் உயர் நீதிமன்றம். அதற்கு 126இன்படி ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். ஆனால் தொழிலுக்குத் தகுதி விதிப்பதே தவறு என்று வாதாட முடியாது. 15(5) அதற்கு இடம் தருகிறது, அதுவும் சட்டத்தால் விதிக்கும்போது. அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றால் ஒருவரின் பிழைப்பை நிறுத்த முடியாது என்பதை மேசையில் தட்டிச் சொன்னார்.

முன்வரிசையில் இருந்த புறக்கோட்டை நானா ஒருவர், "சேர், இது ஓடிட்டர்மாரின் தலையிடி. எங்களுக்கென்ன?" என்றார். "நானா, கையெழுத்துப் போடக்கூடியவர்கள் குறைந்தால் பீஸ் யாருக்குக் கூடும்?" அவ்வளவுதான் பதில். எனக்குப் போதுமாக இருந்தது.

1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தையும் அவர் எடுத்தார். வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகள் போன்றவற்றின் கணக்குகளைக் கண்காணிக்க ஒரு சபையை அமைத்த சட்டம் அது. கணக்கும் ஓடிட்டும் எப்படிச் செய்யவேண்டும் என்ற நியமங்களை உருவாக்குவது பட்டயக் கணக்காளர் நிறுவகம். அவை வர்த்தமானியிலும் வெளியாக வேண்டும். தொழில்சார் அமைப்பு எழுதுவதும் அரசு வெளியிடுவதும் எங்கே சந்திக்கின்றன என்று இன்னும் அரை மணி நேரம் பேசியிருக்கலாம். காலையில் வீணாக்கிய நேரத்தில் கொஞ்சம் இதற்குக் கொடுத்திருந்தால் என்ன? கேள்வி கேட்கவும் பத்து நிமிடம்தான். வழக்குத் தீர்ப்பு ஒன்றையாவது கையில் தந்து வாசிக்க வைத்திருக்கலாம். தந்த குறிப்போ போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி. உறுப்புரை இலக்கங்களை நான் பேனாவால் திருத்தி எழுதினேன்.

ஓடிட் நிறுவனங்களில் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளும் சிறு கம்பனி நடத்துபவர்களும் தாராளமாகப் போகலாம். வரி பற்றி எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஒரு சொல்லும் இல்லை. பிற்பகலுக்கு மட்டும் பாதிக் கட்டணத்தில் இடம் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். எனக்கு அடுத்திருந்த தங்கச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாகனம் நிறுத்த இடமில்லை, 100ஆம் இலக்க பஸ்தான் வசதி. ரோல்ஸ் நன்றாகவே இருந்தது.