செல்லைச் சாகடிக்கும் மரபணு: எந்த வைரஸில் ஏற்றி அனுப்புவது?

புற்றுநோய்க்கான நஞ்சை உடம்பு முழுக்க ஓடவிடாமல், புற்றுச் செல்லையே அதைத் தயாரிக்க வைக்க முடியுமா? முடியும் என்பதற்கான முதல் வழியை 1986-இல் ஃபிரெடரிக் மூல்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். ஹெர்பெஸ் வைரஸிடம் தைமிடின் கைனேஸ் என்று ஒரு நொதி உண்டு. அதற்கான மரபணுவைச் செல்லுக்குள் வைத்துவிட்டு, கான்சைக்ளோவிர் மருந்தைக் கொடுக்க வேண்டும். சாதாரணச் செல் அந்த மருந்தைக் கண்டுகொள்ளாது. நொதி இருக்கும் செல் அதை நஞ்சாக மாற்றிவிடும். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது அந்தப் போலிச் சரக்கு உள்ளே நுழைந்து சங்கிலி பாதியில் நின்றுபோக, செல் சாகும். ஒட்டி நிற்கும் பக்கத்துச் செல்களுக்கும் நஞ்சு கசியும் என்பதால் அவற்றில் சிலவும் சேர்ந்தே போகும்.

ஆக, ஆயுதம் 1986-லேயே கைக்கு வந்துவிட்டது. அதைச் செல்லுக்குள் சுமந்துபோகும் வண்டியாக எந்த வைரஸை வைப்பது என்பதில்தான் இத்தனை வருடப் போராட்டமும்.

முதலில் ரெட்ரோ வைரஸை நம்பினார்கள். காரணம் நியாயமானது. சாதாரண ரெட்ரோ வைரஸ் பிரிந்து பெருகும் செல்லில்தான் தன் மரபணுவைப் பதிக்கும். மூளையில் நியூரான்கள் பிரிவதில்லை, கட்டி பிரிகிறது. எனவே நல்ல செல் தப்பும், கெட்டது மாட்டும். 1992-இல் எலிகளின் மூளைக்கட்டி இப்படிக் கரைந்தபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. மனிதரிடம் வந்தபோது நிலைமை வேறு. வைரஸைப் போதுமான அளவில் தயாரிப்பதே கஷ்டம் என்பதால், அதை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும் எலிச் செல்களை, கட்டியை வெட்டி எடுத்த குழியின் சுவரில் ஊசியால் ஏற்றினார்கள். மரபணு போய்ச் சேர்ந்தது ஊசித்தடத்தை ஒட்டிய சில செல் அடுக்குகளுக்கு மட்டும். அதோடு, எந்த நேரத்திலும் கட்டியின் எல்லாச் செல்களும் பிரிந்துகொண்டிருப்பதில்லை. 248 நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2000-இல் வந்தது: ஆயுள் கூடவில்லை.

அடினோ வைரஸ் நேர்மாறு. பிரியும் செல், பிரியாத செல் இரண்டிலும் நுழையும். கோடிக்கணக்கில் வளர்த்து எடுக்கலாம். குரோமோசோமில் பதியாததால் சில வாரங்களில் மரபணு மறைந்துவிடும். பரம்பரை நோய்க்கு மருந்து தேடுகிறவருக்கு அது பெரிய குறை. கொல்ல வந்தவனுக்குச் சில வாரம் போதாதா? பயமுறுத்துவது அது கிளப்பும் நோயெதிர்ப்பு வீச்சு. 1999-இல் பிலடெல்பியாவில் கல்லீரல் குறைபாட்டுக்கான சோதனையில் ஜெஸ்ஸி ஜெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்தது அதனால்தான். அங்கே கொடுக்கப்பட்டது கல்லீரல் தமனிக்குள் பெரிய அளவு. கட்டிக்குள் நேரடியாகக் குத்துவது வேறு கதை. ஆனாலும் அந்த மரணத்தை மறந்துவிட்டு இந்த வைரஸைப் பற்றி எழுதக் கூடாது.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது பின்லாந்தின் குவோப்பியோ நகரக் குழு. மூளைக்கட்டி நோயாளிகளின் சின்னக் குழு, வண்டிக்கு ஏழு பேர்தான். ரெட்ரோ வைரஸ் பெற்றவர்கள் சராசரியாக 7.4 மாதம் வாழ்ந்தார்கள், அடினோ வைரஸ் பெற்றவர்கள் 15 மாதம். பின்னர் 250 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் மரணமோ மறுசிகிச்சையோ நேரும்வரையான காலம் நீண்டது. மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஐரோப்பாவில் அனுமதி கிடைக்காமல் போனது. ஏழு பேரின் எண்ணை வைத்து யாரும் குதிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, தானே பெருகிப் பரவும் ரெட்ரோ வைரஸ்? அதையும் பார்த்தார்கள், இதேபோல மருந்தை நஞ்சாக மாற்றும் ஈஸ்ட் நொதி ஒன்றை ஏற்றி. 2019-இல் 403 பேர் கொண்ட சோதனை தோற்றது.

மூளையை விட்டு வெளியே வந்தால் அடினோ வைரஸின் கதை மாறுகிறது. 2024 டிசம்பரில் 745 புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் மூன்றாம் கட்ட முடிவு வெளியானது. அதே தைமிடின் கைனேஸ், அதே அடினோ வைரஸ், கூட கான்சைக்ளோவிருக்குப் பதில் அதே வகை வாலசைக்ளோவிர் மாத்திரை, கதிர்வீச்சு. நோயில்லாமல் இருக்கும் காலம் கூடியது. செத்த செல்கள் சிதறும்போது வைரஸ் கிளப்பும் அந்த வீச்சு நோயெதிர்ப்புப் படையையும் கட்டிக்குள் கூட்டி வருகிறது. பிலடெல்பியாவில் எமனாக வந்த குணம் இங்கே உதவிக்கு வருகிறது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், ரெட்ரோ வைரஸைத் தள்ளிவிடுவதா? கூடாது. உடம்புக்கு வெளியே, தட்டில் வைத்து மரபணு ஏற்றும் வேலையில் அதற்கு நிகர் குறைவு. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் கொடையாளியின் டி செல்கள் (நோயெதிர்ப்புச் செல்கள்) சில சமயம் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும். அதனால் அந்தச் செல்களில் வேண்டும்போது அவற்றைக் கொல்ல, முன்கூட்டியே ஒரு சாவு விசையைப் பதித்து அனுப்புகிறார்கள். பதிந்த செல்களை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்கலாம் என்பதால், ஊசித்தடத்தோடு நின்றுபோகும் பிரச்சினையே இங்கு இல்லை.

ஆனால் விசை தைமிடின் கைனேஸாக இருந்தால் இங்கே வினை. அது வைரஸ் புரதம், உடம்பே அந்நியமென்று அந்தச் செல்களை ஒழிக்கலாம். இன்னும் மோசம், மஜ்ஜை மாற்றியவர்களுக்கு அடிக்கடி வரும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுக்கு மருந்தே கான்சைக்ளோவிர்தான். தொற்றுக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டிய செல்லும் போய்விடும்.

அதனால் எனக்கு இந்த வேலைக்குப் பிடித்தது காஸ்பேஸ்-9. செல் தன்னைத் தானே அழிக்கும் வழியில் ஏற்கெனவே உள்ள மனிதப் புரதம். இரண்டு காஸ்பேஸ் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தால் விசை விழும். செல் பிரியும்வரை காத்திருக்க வேண்டாம். 2011-இல் ஹூஸ்டன் குழு வெளியிட்ட முடிவில், ஒரே டோஸ் கொடுத்த 30 நிமிடத்துக்குள் மாற்றியமைத்த டி செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் காணாமல் போயின. தாக்குதல் அடங்கியது. மிஞ்சிய கொஞ்சம் செல்கள் பிறகு மெல்லப் பெருகின, வைரஸ்களை எதிர்க்கும் திறனோடு. நோயாளியின் உடலை மறுபடி தாக்கவில்லை.