டேகுக் பூம்சேயா, துல்லா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஞாயிறு காலை கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ இரண்டு விதமாக நடக்கும். மகள் படிப்பது ஒலிம்பிக்கில் உள்ள வேர்ல்ட் டேக்வாண்டோ வழி. கறுப்பு பெல்ட் வரைக்கும் அவளுக்கு எட்டு டேகுக் பூம்சே, அதாவது எதிராளி இல்லாமல் வரிசைப்படி செய்யும் அசைவுத் தொடர்கள். அண்ணன் மகன் ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) வழியில் தொடங்கியவன். அங்கே அந்தத் தொடர்களுக்குப் பெயர் துல், மொத்தம் 24. பிள்ளையை எதில் சேர்க்கலாம் என்று கோயிலில் பார்ப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முதல் குழப்பம் காலில்தான். 'நடை நிலை' என்ற பெயர் இரண்டிலும் உண்டு. டேகுக்கில் அது, தெருவில் நடந்து போகிறவர் சட்டென்று நின்றால் கால்கள் இருக்கும் அளவுதான். துல்லில் அதே பெயருக்கு நீளம் தோளகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, முன் முழங்காலும் நன்றாக மடங்க வேண்டும். அப்படி நீண்ட நிலைக்கு டேகுக்கில் 'ஆப் குபி' என்று தனிப் பெயர்.

அடுத்தது உடம்பின் போக்கு. துல்லில் ஒவ்வோர் அடிக்கும் உடம்பு தாழ்ந்து, எழுந்து, குத்தோடு சேர்ந்து மறுபடி தாழும். டேகுக்கிலோ கரகம் சுமப்பவர் போலத் தலை ஒரே மட்டத்தில் போக வேண்டும். அண்ணன் குடும்பம் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து இங்கே குடிவந்தபோது பையனை டேகுக் வகுப்பில் சேர்த்தார்கள். பழைய பழக்கத்தில் அவன் ஏறி இறங்கிக்கொண்டே செய்தான். கிரேடிங்கில், அதாவது பெல்ட் தேர்வில், நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது பழைய வழிக்கே திரும்பிவிட்டான்.

போட்டி ஆசை இருந்தால் டேகுக்தான் வசதி. உலகப் பூம்சே போட்டி 2006 முதல் நடக்கிறது. துல்லியத்துக்கு 4, வெளிப்பாட்டுக்கு 6 மதிப்பெண். சின்னப் பிழைக்கு 0.1, பெரிய பிழைக்கு 0.3 குறையும். ஒலிம்பிக்கில் சண்டை மட்டும்தான், பூம்சே கிடையாது. இதைத் தெரியாமல் சேர்க்கிறவர்கள் நிறைய.

ஆனால் கதை துல்லில்தான். டேகுக் எட்டும் வானம், நெருப்பு, மலை என்று இயற்கையைக் குறிக்கும். துல்களில் பல மனிதர்களின் பெயர் தாங்கியவை. ஜூங்-குன் துல்லுக்கு 32 அசைவு. 1910இல் தூக்கிலிடப்பட்ட கொரிய விடுதலை வீரர் ஆன் ஜூங்-குனின் வயது என்று அந்த எண்ணுக்கு விளக்கம் சொல்கிறார்கள். இதைக் கேட்ட பையன் என்னிடம், "சித்தப்பா, தில்லையாடி வள்ளியம்மைக்கு ஒரு துல் செய்தால் 16 அசைவுதானே?" என்றான். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சிறையில் நோயுற்று, 1914இல் பதினாறு வயதில் போன பிள்ளை அவள். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை.

என் முடிவு இதுதான். பத்து வயதுக்குள் என்றால் டேகுக். நடை நிலை குட்டையானது, முதல் பூம்சேயிலேயே உதையும் வந்துவிடும், பிள்ளைக்கு அலுக்காது. துல்லின் முதல் பாடமான சோன்-ஜியில் உதையே இல்லை. கொஞ்சம் பெரிய பிள்ளை, ஏன் எதற்கு என்று கேட்கிற பிள்ளை என்றால் துல். எதில் சேர்த்தாலும் இரண்டு வருடமாவது அதிலேயே விடுங்கள். வீடியோ பார்த்துப் பயிற்சி செய்தால் அது எந்த வழி வீடியோ என்று முதலில் பாருங்கள்.

சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க நமக்குப் பயிற்சி வேண்டாம், தொடங்கும் இடத்தில் குறி போட ஒரு சாக்பீஸ் போதும். தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. முதல் டேகுக்கில் நடுக்கோட்டில் முன்னால் போக இரண்டு ஆப் குபி, திரும்பி வர இரண்டு. மகள் போன வாரம் குறியைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நின்றாள். கடைசிக் குத்தில் கத்துகிற வேகத்தில் கால் நீண்டுவிடுகிறது. இந்த வாரம் நான்கு விரற்கடை.