சிங்கப்பூர் – நியூயார்க்: இடைநில்லா விமானமா, பிராங்க்ஃபர்ட் வழியா, டோக்கியோ வழியா?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு, பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால், ஏறத்தாழ 15,350 கி.மீ. வருகிறது. இரு ஊர்களும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால் இந்த மிகக் குறுகிய பாதை வடதுருவத்தை ஒட்டியே செல்லும். ஆனால், நியூயார்க் செல்லும் இடைநில்லா விமானங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டை விட்டு விலகி, வட பசிபிக்கின் மேல் மிக உயரத்தில் கிழக்கு நோக்கி வேகமாக வீசும் ஜெட் காற்றைத் துணைக்கொண்டு, ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடுதலாகப் பறந்தும் 19 மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே, வழிகளை ஒப்பிடுவோர் தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவர்.

இடைநில்லாச் சேவையின் வரலாறு எரிபொருளோடு பிணைந்தது. 2004இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானங்களுடன், நியூயார்க்கை அடுத்துள்ள நியூவார்க் விமான நிலையத்துக்குத் தொடங்கிய சேவை, அவற்றின் எரிபொருள் செலவைத் தாங்க இயலாமல் 2013இல் நின்றது. இரண்டே எஞ்சின்களில் ஏறத்தாழ 18,000 கி.மீ. பறக்கவல்ல ஏ350-900 யூஎல்ஆர் (மிக நெடுந்தூர வகை) வந்த பின்னர், 2018இல் மீண்டும் தொடங்கியது. கென்னடிக்கான சேவை 2020இல் வந்தது. எடையைக் குறைக்க வேண்டி இவ்விமானத்தில் 161 இருக்கைகளே உள்ளன. சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. சிக்கனமாகப் பயணம் செய்ய விரும்புவோர் இங்கேயே விலகிக்கொள்ள நேரிடும்.

பிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்றால் மொத்தத் தூரம் ஏறத்தாழ 16,450 கி.மீ.; அதாவது, மிகக் குறுகிய பாதையைவிட 7 விழுக்காடுதான் கூடுதல். பயண நேரமோ ஏறத்தாழ 24 மணி நேரத்தைத் தொடுகிறது. கூடுதல் ஐந்து மணியில் இரண்டு தரையில் கழிகிறது. இடைநில்லா விமானமும் உண்மையில் ஏறத்தாழ இதே தூரம் பறப்பதால், தூரம் இதற்குக் காரணமன்று. எஞ்சியதை மேற்கு நோக்கிய பயணத்தின் எதிர்க்காற்றும், இரண்டாம் முறை ஏறி இறங்குவதும் எடுத்துக்கொள்கின்றன. ஒரே விமான எண்ணில் செல்லும் சேவையானாலும் நடுவே இறங்கி மீண்டும் ஏறத்தான் வேண்டும்.

டோக்கியோ வழியின் தூரம் ஏறத்தாழ 16,200 கி.மீ. இது இடைநில்லா விமானம் உண்மையில் பறக்கும் தடத்துக்கு அருகிலேயே அமைவதால் காற்றும் உதவுகிறது. பறக்கும் நேரம் மட்டும் கணக்கிட்டால் 20 மணியளவில் முடிந்துவிடும். காத்திருப்பு மூன்று மணிக்குள் அமைந்தால் பிராங்க்ஃபர்ட் வழியைவிட இதுவே விரைவானது. டோக்கியோவில் நரிட்டா, ஹனேடா என இரண்டு விமான நிலையங்கள் இருப்பதால், இரு விமானங்களும் ஒரே நிலையத்தைச் சேர்ந்தவைதானா என்று முன்பதிவுக்கு முன்னரே பார்த்துக்கொள்வது அவசியம்.

பயணச்சீட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்த்து முடிவு செய்வதும் சரிவராது. நியூயார்க் சிங்கப்பூரைவிடக் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் கோடையில் 12 மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், இடைநில்லா விமானம் கடிகாரப்படி ஆறேழு மணி நேரத்தில் போய்ச் சேர்வதுபோல் தோன்றும்.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகிறது. நியூயார்க்கிலிருந்து டோக்கியோவுக்கு எதிர்க்காற்றில் ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். பிராங்க்ஃபர்ட் வழியோ இப்போது கிழக்கு நோக்கியதாகிவிடுகிறது. எகானமி வகுப்பில் செல்வோருக்கு, கட்டணம் இடங்கொடுத்தால், டோக்கியோ வழியே போய் பிராங்க்ஃபர்ட் வழியே திரும்புவதையே நான் பரிந்துரைப்பேன். இருமுறையும் காற்று முதுகுப்புறமே இருக்கும், உலகையும் ஒரு சுற்றுச் சுற்றியதாகிவிடும்.