கேமிங் லேப்டாப், மூன்றரை வருடம்: இடது ஹிஞ்ச் செய்த வேலை

சித்தி பையன் போன வாரம் போன் பண்ணினான். நான் வைத்திருக்கும் அதே மாடல் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டான். இரண்டு நாள் முன்னால்தான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதைப் பிரித்துச் சரிசெய்து கொண்டு வந்திருந்தேன். போனில் சொல்லி முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இன்றுவரை அவற்றில் ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் இடது ஹிஞ்ச் மேல், அதாவது திரை உள்ள மூடியை அடிப்பாகத்தோடு இணைக்கும் கீல் மேல்.

15.6 இன்ச் திரை ஆடாமல் நிற்க ஹிஞ்சை நல்ல இறுக்கமாகப் போட்டிருக்கிறார்கள். போடட்டும். ஆனால் அந்த இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பது, மூடியின் பிளாஸ்டிக்கில் பதித்த பொடிப்பொடி பித்தளை நட்டுகள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மொத்த அழுத்தமும் அவற்றின் மேல்தான் இறங்கும். இரண்டாம் வருடக் கடைசியில் ஒருநாள் திறக்கும்போது 'டக்' என்றது. பெசல், அதாவது திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம், ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்து நின்றது. வாரண்டி முடிந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் 'பிசிக்கல் டேமேஜ்' என்று எழுதி, மூடி செட் முழுவதையும் மாற்ற 14 ஆயிரம் கேட்டார்கள். கீழே போட்டதில்லை, தண்ணீர் பட்டதில்லை. திறந்து மூடுவது எப்படி டேமேஜ் ஆகும்? திரும்பக் கொண்டுவந்து டேப் ஒட்டி ஓட்டினேன்.

அதற்குப் பிறகுதான் வைஃபை படுத்த ஆரம்பித்தது. பிங், அதாவது கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம், மும்பை சர்வரில் 35 மில்லிசெகண்டைத் தாண்டாது; அது மேட்ச் நடுவில் 200-க்கு எகிறும். டிரைவர் மாற்றினேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். 2,800 ரூபாய்க்குப் புது ரவுட்டரும் வாங்கினேன். தங்கைதான் ஒருநாள், "மூடிய நேரா நிமித்தி வைண்ணா, அப்ப நல்லா வருது" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று காதில் வாங்கவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் பெசலைக் கழற்றியதும் கூப்பிட்டார். "சார், இங்க வந்து பாருங்க." வைஃபை கார்டு கீழே மதர்போர்டில் இருக்கிறது. அதன் இரண்டு ஆன்டெனாக்கள் இந்த மாடலில் திரைக்கு மேல் விளிம்பில். கறுப்பும் சாம்பலுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் இடது ஹிஞ்ச் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. இடம் பெயர்ந்த ஹிஞ்ச் சாம்பல் ஒயரை நசுக்கி, உறை கிழிந்து, உள்ளே உலோகப் பின்னல் தெரிந்தது. மூடியைச் சாய்க்கச் சாய்க்க ஒரு ஆன்டெனா விட்டு விட்டு வேலை செய்திருக்கிறது. தங்கை சொன்னது அப்படியே உண்மை.

ஆன்டெனா ஒயர் செட் மாற்றி, உடைந்த இடத்தில் எபாக்ஸி பசை வைத்து நட்டுகளைத் திரும்பப் பதித்து, ஹிஞ்சைக் கால் சுற்று தளர்த்திக் கொடுத்தார். மொத்தம் 2,200 ரூபாய். அதே மேஜையில் 45 சதவீதம் காட்டிய சிக்னல் இப்போது 92. நடுவில் அந்த ஒன்றரை வருடமும் என்னைக் காப்பாற்றியது ஈதர்நெட் போர்ட்தான். கேபிளைச் சொருகினால் போதும், ஒருமுறைகூட அறுந்ததில்லை. மெலிசாக்குகிறோம் என்று அந்த போர்ட்டையே எடுத்துவிடும் மாடல்களை நான் திரும்பியும் பார்க்க மாட்டேன்.

வலப்பக்கம் இரண்டு யூஎஸ்பி 3 போர்ட்டுகளை ஒட்ட ஒட்ட வைத்திருப்பதும் தப்பு. ஒன்றில் ஹார்ட் டிஸ்க்கும் பக்கத்தில் வயர்லெஸ் மவுஸின் சிக்னலை வாங்கும் குட்டி டாங்கிளும் போட்டால் மவுஸ் திக்கித் திக்கி நகரும். யூஎஸ்பி 3-இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் சாதனங்களைத் தொந்தரவு செய்யும் என்று இன்டெல் 2012-லேயே விளக்கமாக எழுதியிருக்கிறது. டாங்கிளை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது.

கீபோர்டை மட்டும் மனசாரப் பாராட்ட வேண்டும். இத்தனை ஆட்டத்துக்குப் பிறகும் டபிள்யூ, ஏ, எஸ், டி எதிலும் எழுத்து மங்கவில்லை, ஒரு கீ தளரவில்லை. இதில் அடித்துப் பழகிய கைக்கு ஆபீஸ் லேப்டாப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

இருந்தும் தம்பியிடம் சொன்னது, வாங்காதே. இன்னும் 10 ஆயிரம் குறைத்தாலும் வாங்காதே.

"அப்ப நீ வித்துருவியா?" என்றான்.

விற்க மாட்டேன். எனக்கு இதன் நோய் தெரியும், மருந்தும் தெரியும். உனக்கு முதல் லேப்டாப். கடையில் எதைக் காட்டினாலும் மூடியை நடுவில் ஒற்றை விரலால் தூக்கிப் பார். இரண்டேகால் கிலோ அடிப்பாகமும் கூடவே எழும்பினால், அந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டு அடுத்ததைக் கேள்.