இலவசம், 20 ரூபாய், 436 ரூபாய்: கடலுக்குப் போகிறவருக்கு எது உதவும்?

படகில் பங்குக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன்பாடு கிடைத்தால் பங்கு, கிடைக்காவிட்டால் டீசல் கடன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் அவருக்குத் தூரம். தமிழ்நாட்டு மீனவர் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரக்கூடிய திட்டங்களில் மூன்றை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதலாவது, பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வரும் குழு விபத்துக் காப்பீடு. பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டுகின்றன. விபத்தில் இறந்தாலோ முழுமையாக முடங்கினாலோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000. இரண்டாவது, வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா காப்பீடு. அதுவும் விபத்துக்குத்தான், 2 லட்சம் தரும். மூன்றாவது, அதேபோல ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. எப்படி இறந்தாலும் 2 லட்சம்.

அந்த "எப்படி இறந்தாலும்" என்பதுதான் முக்கியம். நடுக்கடலில் வலை இழுக்கும்போது மாரடைப்பு வந்து ஒருவர் போய்விட்டால், ஊர் அதைக் கடல் எடுத்த உயிர் என்றுதான் சொல்லும். காப்பீட்டுக் கணக்கில் அது விபத்து அல்ல. முதல் இரண்டும் கைவிரித்துவிடும், ஜீவன் ஜோதி மட்டும் தரும். இலவசமாக 5 லட்சம் இருக்கும்போது 436 எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். விபத்து என்றால் மூன்றையும் சேர்த்தே கோரலாம், 9 லட்சம் வரும். உடல் கிடைக்காவிட்டால் கதை வேறு: 7 ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் சட்டம் இறந்ததாக எடுத்துக்கொள்ளும். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு முன்னால் நின்ற சிக்கல் இதுதான்.

இன்னொரு சிக்கலை யாரும் பேசுவதில்லை. 20-ம் 436-ம் கணக்கிலிருந்து பிடிக்கப்படுவது மே மாதக் கடைசியில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர் கணக்கு காலியாகக் கிடக்கும் நேரம். பணம் இல்லையென்றால் காப்பீடு அறுந்துவிடும். மறுபடி சேர்ந்தாலும் ஜீவன் ஜோதியில் முதல் 30 நாள் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம், 50 வயது தாண்டியவர் புதிதாகச் சேரவே முடியாது. தடைக்கால நிவாரணம் 5,000-லிருந்து 8,000 ஆகியிருக்கிறது. அது கைக்கு வந்ததும் முதல் வேலையாக 456 ரூபாயைக் கணக்கில் விட்டுவைப்பது நல்லது.

மீனவர் கட்டும் பணத்தோடு அரசும் சேர்த்துத் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் தயங்க ஒன்றுமில்லை. நாம் 1,500 கட்டினால் 4,500 ஆகத் திரும்பி வருகிறது, எந்த வங்கி தரும்?

அப்புறம் ஓய்வூதியம். 40 வயதில் சேர்பவர் 60-க்குப் பிறகு மாதம் 3,000 பெற, ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் மாதம் 200 கட்டினால் போதும், அதே அளவு அரசும் போடுகிறது. அடல் ஓய்வூதியத்தில் 873 கட்ட வேண்டும். 18 வயதில் சேர்ந்தால் மான்தனில் 55, அடலில் 126. ஆனால் கணவர் இறந்தபின் மனைவிக்கு மான்தனில் பாதிதான். அடலில் முழு 3,000, அவருக்குப் பிறகு வாரிசுக்கு 5.1 லட்சம். இளைஞருக்கு நான் அடலைத்தான் சொல்வேன். 40-ஐ நெருங்குபவருக்கு மான்தன், வருமானம் மாதம் 15,000-க்குள் இருந்தால். சம்மாட்டிகள், அதாவது படகு உரிமையாளர்கள், பலர் அந்த வருமான வரம்பிலேயே கழிந்துவிடுவார்கள்.