நண்டுக் கொள்முதல் கணக்கு மென்பொருள்: பாம்பனிலிருந்து ஒரு மதிப்புரை

பாம்பனில் நண்டு வாங்கி ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அனுப்பும் எங்கள் கூடத்தில் கணக்கு என் பொறுப்பு. எடை, விலை, முன்பணப் பிடித்தம் (முன்கூட்டியே கொடுத்த பணத்தை அன்றைய வருமானத்தில் கழிப்பது) மூன்றும் சரியாக இருந்தால்தான் வல்லத்துக்காரர் மறுநாளும் எங்கள் தராசுக்கு வருவார். இராமநாதபுரத்தில் ஒரு சிறு குழு எழுதிக்கொடுத்த மென்பொருளில்தான் இப்போது கணக்கு ஓடுகிறது.

வந்தவர்கள் திரையைக் காட்டி விற்கவில்லை. நோட்டுப் புத்தகத்துடன் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். கூடை எடையை எப்போது கழிப்பீர்கள்? கால் உடைந்த நண்டுக்கு என்ன விலை? முன்பணப் பாக்கி அன்றைய வருமானத்தைவிட அதிகமானால் எவ்வளவு பிடிப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பெரியப்பா ஒரு பதில் சொன்னார், நான் வேறு பதில் சொன்னேன். அங்கேயே பேசி முடித்து எழுதிக் கையெழுத்திட்டோம். ஒரு வரியை அடித்து எழுதியதோடு போயிற்று. நிரல் எழுதிய பிறகு தெரிந்திருந்தால் எத்தனை பேருடைய பாக்கியைத் திருத்த வேண்டியிருக்கும்!

சோதனை செய்தது நிரல் எழுதியவர் அல்ல, குழுவில் இருந்த இன்னொரு பெண். கூடை எடைக்குச் சமமான எடை, அதைவிட 50 கிராம் குறைவு, 50 கிராம் அதிகம் என்று வரம்பின் ஓரங்களிலேயே எண்களைப் போட்டுப் பார்த்தார். குறைவாகப் போட்டதும் வல்லத்துக்காரர் எங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று ரசீது வந்தது. எந்த எண்ணைப் போட்டால் என்ன வருகிறது, என்ன வந்திருக்க வேண்டும் என்று பிழைப் பதிவேட்டில் எழுதினார். திருத்தம் வந்ததும் அதே படிகளை அவரே மறுபடி செய்து பார்த்த பிறகுதான் அந்தப் பதிவை முடித்தார்.

நான் மிக உயர்வாக மதிப்பது மறுசோதனையைத்தான். முன்பு வேறோர் இடத்தில் வாங்கிய மென்பொருளில் ஐஸ் எடையைக் கழிக்கும் கணக்கைச் சரிசெய்யச் சொன்னோம்; அது சரியானது, ஆனால் முன்பணம் இரண்டு முறை பிடிபட்டது. இவர்கள் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் முன்னால் எங்கள் பழைய ரசீதுகளை மொத்தமாக ஓட்டி, பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். நேற்று வரை ஓடியது என்பதை யாரும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரல் பகுதியைப் புதிய ராக்கெட்டின் பாதைக்கு ஏற்பச் சோதிக்காமல் அப்படியே வைத்திருந்தார்கள். அதன் வேகத்துக்கு வந்த எண், கணினியில் அதற்கு ஒதுக்கியிருந்த சிறிய (16 பிட்) இடத்தில் அடங்கவில்லை.

நிறுவிய காலமும் பொருத்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. நாட்டுப்படகு வரத்து மட்டும்தான். அப்போது கைக்கணக்கையும் மென்பொருளையும் சேர்த்தே நடத்தி, இரவில் ஒப்பிட்டோம்.

குறை ஒன்று உண்டு. தடை முடிந்து வரத்து கூடியதும், எல்லாத் தராசுகளிலும் ஒரே நேரத்தில் பதிந்தால் ரசீது தாமதமாகிறது. வெயிலில் காத்திருக்கும் நண்டு செத்தால் விலை போகாது. கணக்கு சரியா என்று அத்தனை கவனமாகச் சோதித்தவர்கள், நெரிசலில் வேகம் தாங்குமா என்று சோதிக்கவே இல்லை. சொன்னதும் பல தராசுகள் சேர்ந்து பதிவதுபோல் ஓட்டிப் பார்த்து, தாமதம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார்கள். திருத்தம் இன்னும் மறுசோதனையில் இருக்கிறது. அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறோம்.